நகரம் எங்கே என்று கேட்டவர்கள்

காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பலில் வருகிறவர்களுக்கு இனி வழிகாட்டி தேவையில்லையாம். போனில் ஒரு செயலியை இறக்கிக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர்கள் என்னோடு கடைசியாக வேலை செய்த இரண்டு இளம் வழிகாட்டிகள். "அந்தச் செயலிக்கு என்னென்ன சொல்லவேணும் எண்டு எங்களைத்தான் எழுதித் தரச்சொல்லிக் கேக்கினம், அக்கா. நீங்கள் கூட்டிக்கொண்டு போன பாதையை ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றார்கள். பாதையை எழுத அரைப்பக்கம் போதும். அந்தப் பாதையில் எனக்கு வந்த எரிச்சலை எழுதத்தான் இடம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வேண்டியதை அவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

நான் கொக்குவில்காரி. கொழும்பில் ஒரு ஹோட்டலில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலையில் தொடங்கி, மூன்று மொழியும் வாயில் புரளும் என்ற ஒரே தகுதியில் வழிகாட்டிப் பயிற்சிக்குப் போனேன். எங்களைப் பயிற்றிய கிழவர் கண்டி வாவியைச் சுற்றி என்னைப் பின்பக்கமாகவே நடக்கவைத்தார். "நீ பார்க்கவேண்டியது வாவியை இல்லை, வாவியைப் பார்க்க வந்தவர்களை" என்பது அவருடைய பாடம். கடலைக்காரர் ஒருவரின் தட்டில் விழுந்து எழும்பித்தான் அதைப் படித்து முடித்தேன். பிறகு வெள்ளைக்காரர்களோடு மலைநாட்டில் பல வருடங்கள். சண்டை முடிந்தபின் அப்பாவைப் பார்க்க ஆளில்லையென்று ஊருக்குத் திரும்பினேன். கப்பல்கள் வரத் தொடங்கியபோது, பயணிகளைக் கரையில் கவனிக்கும் நிறுவனம் ஒன்று என்னைக் கூப்பிட்டது.

அதன் யாழ்ப்பாண மனேஜர் அருளானந்தம் ஐயா. எழுபது வயதைத் தாண்டியவர். அறுபதைத் தொட்ட என்னைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தியதையோ விரைந்து நடந்ததையோ ஒருவரும் கண்டதில்லை. எந்த அவசரத்துக்கு போன் எடுத்தாலும் முதலில் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். பயணி ஒருத்தி கால் பிரண்டு தெருவில் இருந்து அழுகிறாள் என்று ஒருமுறை எடுத்தேன். "சாப்பிட்டாச்சோ?" என்றார். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்ற விசாரணை நடக்கும். ஓம் என்று பொய் சொன்னபிறகுதான் அந்தப் பெண்ணைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கதையைத் தொடங்கலாம். எனக்கு இரத்தம் கொதிக்கும்.

கப்பல்காரர் அச்சடித்த விளம்பரத்தில் எங்கள் நடைக்குப் பெயர், 'காற்று வீசும் துறைமுக நகரில் ஒரு காலைநடை'. காற்று வீசியது உண்மை. துறைமுகமும் உண்டு. நகரம்தான் இல்லை. சனம் இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த ஊர் அது. திரும்பக் கட்டிய ரயில் நிலையம், தூரத்தில் நின்று பார்க்கவேண்டிய வெளிச்சவீடு, இடிந்த சிமெந்துத் தொழிற்சாலை, நாலைந்து தேத்தண்ணிக் கடைகள், பற்றைக்குள் கூரையில்லாத வீடுகள், ஆங்காங்கே திரும்பி வந்தவர்கள் கட்டிய புதுவீடுகள். மிச்சம் இராணுவம் போட்ட முள்ளுக்கம்பிக்கு அங்கால். பயணிகள் துறைமுக வாசலைத் தாண்டிப் பத்து எட்டு வைத்ததும் கேட்பார்கள்:

"மேடம், சிட்டி எங்க?"

"இதுதான்" என்பேன்.

"இல்ல மேடம், சிட்டி. கடைங்கல்லாம் இருக்குமே."

ஒவ்வொரு கப்பலுக்கும் இதே கேள்வி. விளம்பரத்தில் அந்தச் சொல்லை மாற்றுங்கள் என்று ஐயாவிடம் கெஞ்சினேன். "பாப்பம் பிள்ளை" என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது குடை. கூட்டம் வழிகாட்டியைத் தொலைக்காமலிருக்க அவள் ஏதாவது ஒன்றை உயர்த்திப் பிடிக்கவேண்டும். உலகம் முழுக்கச் சின்னக் கொடி பிடிப்பார்கள். நானும் ஒரு மஞ்சள் கொடி தைத்துக்கொண்டு போனேன். ஐயா அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "இந்த இடத்திலை கொடி பிடிச்சால் ஆயிரம் கேள்வி வரும் பிள்ளை. என்ன கொடி, ஆற்றை கொடி எண்டு. குடை பிடியுங்கோ. குடையை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்." கப்பல்கள் வருவது சோளகம் வீசுகிற மாதங்களில். தென்மேற்கிலிருந்து ஊரைக் கடந்து கடலுக்குப் பாய்கிற காற்று அது. அதில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் விரித்தால் ரயில் நிலையத்துக்கு முன்னால் அது கிண்ணமாகிவிடும். ஒரு பருவத்துக்குள் நான் உடைத்த மஞ்சள் குடைகளைச் சேர்த்தால் ஒரு கடை போடலாம்.

செயலி எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். சோளகத்தில் எங்கே நின்று பேசுவது என்பது லேசான காரியமில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் என் குரல் அவர்களுக்குப் போகும், கூடவே புழுதியும் அவர்கள் கண்ணுக்குள் போகும். திரும்பி நின்றால் புழுதியை நான் தின்னலாம், ஆனால் பேச்சு கடலுக்குக் கேட்குமே தவிர முன்னால் நிற்பவருக்குக் கேட்காது. ஆகவே சுவர் மறைப்புகளில் நிறுத்தித்தான் பேசவேண்டும். ரயில் நிலையத்தின் கிழக்குச் சுவர், உடைந்த பண்டகசாலையின் பின்பக்கம், தேவாலயத்து மதில். சொல்லவேண்டியதை அங்கே சொல்லிவிட்டு, இடையில் வாயை மூடிக்கொண்டு நடக்கவேண்டும். பயணிகள் நேர்மாறாகச் செய்வார்கள். சுவர் மறைப்பில் நின்று படம் எடுப்பார்கள். காற்றுக்குள் வந்ததும் கேள்வி கேட்பார்கள்.

வீடுகளுக்குள் ஏறக்கூடாது என்ற விதி முதலில் இருக்கவில்லை. அதை நான்தான் கொண்டுவந்தேன். ஒரு புதுத் தம்பதி, கலியாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர்கள், கூரையில்லாத ஒரு வீட்டுக்குள் போய் யன்னல் விளிம்பில் ஏறி இருந்து ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். பழைய சுவர், பின்னால் வானம், நல்லாய்த்தான் இருந்தது. காணி துப்புரவாக்க வந்த ஒரு வயதான மனிதர் கத்தியோடு பற்றைக்குள்ளிருந்து எழும்பினார். பொடியன் பயந்துவிட்டான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி, படம் எடுங்கோ, அதுக்கென்ன. இது எங்கடை குசினி, சமைச்சுச் சாப்பிட்ட இடம். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ." அவர்கள் கழற்றினார்கள். கற்களுக்குள்ளும் கண்ணாடித் துண்டுகளுக்குள்ளும் வெறுங்காலோடு நின்றார்கள். அதன்பிறகு ஒருவரையும் நான் உள்ளே விட்டதில்லை. 'இதையெல்லாம் இடிச்சிட்டு ஒரு மால் கட்டலாமே' என்று இடிபாட்டுக்கு இடிபாடு சொல்லிக்கொண்டு வந்த கோயம்புத்தூர் ஆளிடமும், வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் கட்டவேண்டும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இனி தனசேகரின் கதை.

அவர் சென்னை அம்பத்தூரில் மோட்டார் சுற்றுகிற கடை வைத்திருந்தவர். தனியாக வந்திருந்தார். உல்லாசக் கப்பலில் தனியாக வருகிற ஆம்பிளை அபூர்வம். அவருடைய நச்சரிப்போ அதைவிட அபூர்வம். வெளிச்சவீட்டைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "மேடம், வைரவர் கோயில் எங்க?" என்றார். இங்கே சந்திக்குச் சந்தி வைரவர் இருக்கிறார், எந்த வைரவர் என்று கேட்டேன். "சின்னக் கோயில். சூலம் இருக்கும்" என்றார். எல்லா வைரவரிடமும் சூலம் இருக்கும். பண்டகசாலைச் சுவருக்கு வந்தோம். "மேடம், மயிலிட்டிக்குப் போற ரோடு இதுவா?" பிறகு, "இங்க சிக்னல் எங்க நல்லாக் கெடைக்கும்?" அவருடைய இந்திய இணைப்பு இங்கே வேலை செய்யவில்லை. போனை வானத்துக்கு நீட்டிக்கொண்டு எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் வந்தார். பின்பக்கமாக நடக்கப் பழகிய எனக்கே அவரைக் கண்ணுக்குள் வைத்திருப்பது பெரும்பாடாக இருந்தது.

ரயில் நிலையம்தான் எங்கள் கடைசி நிறுத்தம். அங்கே போன் அடித்தது. அருளானந்தம் ஐயா.

"சாப்பிட்டாச்சோ, பிள்ளை?"

"ஓம், ஐயா. சொல்லுங்கோ."

"காத்துக் கூடுதாம். கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்னமே வெளிக்கிடும். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எண்ணிப் பார்த்தேன். ஒருவர் குறைந்தார். யாரென்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கப்பல் பயணிகளுக்கு விசா இல்லை. இறங்கும்போது குடிவரவு அதிகாரிகள் கழுத்தில் ஒரு அடையாள மட்டை மாட்டிவிடுவார்கள். திரும்பி ஏறும்போது அதைக் கழற்றி ஐயாவின் கையிலிருக்கும் பெட்டிக்குள் போடவேண்டும். கொடுத்த மட்டையும் திரும்பிய மட்டையும் சரியென்றால்தான் கணக்கு முடியும். கப்பல் போனபின் ஒருவர் கரையில் நின்றால், கடவுச்சீட்டுக் கப்பலில், ஆள் தெருவில். பொலிஸ், தடுப்பு, தூதரகம் என்று அது எங்கே போய் முடியும் என்று சொல்லமுடியாது. என் அனுமதிப்பத்திரமும் சேர்ந்துதான் போகும்.

கூட்டத்தைப் பார்த்து, "வாசல் இங்கிருந்தே தெரியுது, நேராகப் போங்கள்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. கைடு இல்லாமல் எப்படிப் போவது, இதற்குத்தானா பதிவு செய்தோம் என்று மேடையிலேயே இருந்துவிட்டார்கள். ஐயாவுக்கு எடுத்தேன். அவரே வந்தார். வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுகிறவர்போல, வந்தார். அந்த நடையைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"ஆள் எங்கை போயிருப்பார்?" என்று கேட்டார்.

"வைரவர் கோயில் கேட்டுக்கொண்டு திரிஞ்சவர்."

"அப்ப போய்ப் பாருங்கோ. நான் இவையைக் கூட்டிக்கொண்டு போறன்."

தேத்தண்ணிக் கடையடியில் நின்ற ஓட்டோக்காரர் அவரைக் கண்டிருந்தார். கழுத்தில் மட்டை போட்ட ஒருவர் மயிலிட்டிப் பக்கத் தெருவால் நடந்து போனாராம். ஏறினேன். குடை வெளியே இழுத்தது, மடக்கினேன், மடங்கவில்லை.

கம்பிவேலியை ஒட்டிப் போகிற ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றின் முடிவில் அவரைக் கண்டேன். கூரையில்லாத ஒரு வீட்டின் முன்னால், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். அந்த வீட்டின் விறாந்தையில் வளைவு ஒன்று மட்டும் விழாமல் நின்றது. கோபம் வந்தால் எனக்கு இந்தியத் தமிழ் வராது.

"உங்களுக்கு விசரோ? கப்பல் வெளிக்கிடப் போகுது. உங்களை விட்டிட்டுப் போனால் ஆர் பதில் சொல்லுறது?"

"திட்டுங்க மேடம். ஒரே ஒரு கால் பண்ணிக் குடுத்துட்டு அப்புறம் திட்டுங்க."

"ஆருக்கு?"

"என் வொய்ஃபுக்கு. இது அவ ஊரு மேடம்."

பிறகு அவர் மளமளவென்று சொன்னார். மனைவியின் பெயர் சுகந்தி. சின்னப் பிள்ளையாகப் படகில் இந்தியாவுக்குப் போனவள். முகாமில் வளர்ந்தவள். இவரைக் கலியாணம் செய்து, பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்தபிறகும் அவள் கையிலிருப்பது அகதி அட்டைதான். கடவுச்சீட்டு இல்லை. அவளால் வரமுடியாது என்றபடியால் இவர் வந்திருக்கிறார். கப்பல் எங்கே போகிறது என்று பார்த்து, காங்கேசன்துறை என்ற பெயருக்காகவே ஏறியிருக்கிறார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ?"

"சொன்னா என்னத் தனியா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"வைரவர் கோயிலுக்கு எதிர் வீடுன்னு சொன்னா. முன்னாடி வளைவு வெச்சிருக்கும்னா. இங்க வளைவு இருக்கு, கோயிலைக் காணோம். அங்க பாருங்க." வேலிக்குள் கையைக் காட்டினார். பற்றைக்கு மேலாக ஒரு சூலத்தின் முனை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வீட்டின் வளைவு. "அதுவா இதுவான்னு தெரியல மேடம். கம்பில ஒரு எடத்துல விலகி இருக்கு. நீங்க வரலைன்னா உள்ள போயிருப்பேன்."

உள்ளே போகக்கூடாதென்று மூன்று மொழியில் பலகை தொங்கியது. அதைத்தான் அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டோக்காரர் ஹோர்னை அடித்தார். ஏசி இழுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த மனிதர் அழைப்பு எடுக்காமல் அசையமாட்டார் என்பது முகத்தில் எழுதியிருந்தது. என் போனிலேயே இலக்கத்தை அடித்து வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு பெண்ணின் முகம் வந்தது. அடுப்படியில் நின்றிருக்கவேண்டும், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஆர், அக்காவோ? இவர் உங்களுக்குக் கரைச்சல் தாறாரோ?" என்றாள். இத்தனை காலம் சென்னையில் இருந்தும் அந்தப் பேச்சு அப்படியே இருந்தது.

"நல்லாத் தாறார். கெதியாப் பாருங்கோ, தங்கச்சி."

தனசேகர் போனை வாங்கி வீட்டைக் காட்டினார். காற்றில் கை ஆடியது. அவள், "மற்றப் பக்கம் திருப்புங்கோ" என்றாள். அவர் வேலிப் பக்கம் திருப்பினார்.

"இதுவா அதுவா, சுகந்தி? அது கம்பிக்கு உள்ள இருக்கு. ஒரு ஓட்டை இருக்கு, நுழைஞ்சு ரெண்டு நிமிஷத்துல..."

"இல்லை" என்றாள் அவள். "உள்ளை போகாதையுங்கோ. அது இல்லை. நீங்கள் முன்னுக்கு நிக்கிறதுதான் எங்கடை வீடு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்திட்டன். அந்த வளைவுக்குக் கீழை இருந்துதான் நான் படிக்கிறனான். அதுதான். பாத்தது காணும். இனிக் கப்பலுக்குப் போங்கோ."

அவர் போனை என்னிடம் தந்துவிட்டு, வளைவைத் தாங்கிய தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்து, தூணுக்குப் பக்கத்தில் நேராக நின்று, "ஒரு போட்டோ மேடம்" என்றார். உடைந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன்.

துறைமுக வாசலில் கப்பல்காரர் இரண்டு பேரும் குடிவரவு அதிகாரி ஒருவரும் அருளானந்தம் ஐயாவைச் சுற்றி நின்றார்கள். ஐயா மேசையில் மட்டைகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்டு குறையுது போலக் கிடக்கு. எண்ணிறதிலை பிழை விட்டிட்டன். திரும்ப ஒருக்கா எண்ணிப் பாப்பம்" என்று அதே தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. கப்பல்காரர் இருவருக்கும் முகம் சிவந்திருந்தது. எத்தனையாவது தரம் எண்ணுகிறார் என்று தெரியவில்லை. தனசேகர் ஓடிப்போய்த் தன் மட்டையைக் கழற்றி நீட்டினார். ஐயா அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பெட்டிக்குள் போட்டார். "இப்ப சரி" என்றார்.

அந்த மனிதரின் மெத்தனத்தை நான் சபித்த நாட்கள் எத்தனையோ. அன்றைக்கு அவர் ஒரு கப்பலையே அதனால் பிடித்து வைத்திருந்தார்.

நன்றியென்று எவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் வந்தவர்கள் புகார் எழுதினார்கள். பெண் வழிகாட்டி எங்களை ரயில் மேடையில் விட்டுவிட்டு ஓட்டோவில் போனார், பதிலுக்கு வந்த முதியவர் எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாரே தவிர வரலாறு ஒன்றும் சொல்லவில்லை, விளம்பரத்தில் சொன்ன நகரத்தைக் கடைசிவரை காட்டவில்லை. கொழும்புத் தலைமையகம் எனக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஐயா அதை என்னிடம் வாசித்துக் காட்டக்கூட இல்லை. "தரச்சொல்லியிருக்கினம், தாறன். அதுக்கு மேலை நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். நடை நிறுத்தப்பட்டது. அடுத்த கப்பலிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, கண்ணாடிக்குள்ளால் ஊரைக் காட்டி, யாழ்ப்பாணத்துக் கடைகளில் இறக்கினோம். பயணிகளுக்குப் பரம திருப்தி. அந்தப் பருவம் முடிந்ததும் நான் ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இருந்தபோது ஒரு பின்னேரம் இந்திய இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சுகந்தி. அன்றைக்கு என் போனில் எடுத்தபடியால் இலக்கம் அவளிடம் இருந்திருக்கிறது. சுகம் விசாரித்தாள். வேலையை விட்டுவிட்டேன் என்றேன்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லவேணும். அது எங்கடை வீடு இல்லை."

"எது?"

"நீங்கள் படம் எடுத்தது. எங்கடை வீடு கம்பிக்கு அங்காலை நிண்டது. அதைச் சொன்னால் இவர் அந்த ஓட்டைக்குள்ளாலை பூந்திருப்பார். பிறகு கப்பலும் இல்லை, ஆளும் இல்லை. அதுதான் பொய் சொன்னனான்."

எனக்கு எங்கே கோபப்படுவது என்றே தெரியவில்லை. "அப்ப நான் குடையும் உடைஞ்சு, பேச்சும் வாங்கி, படம் எடுத்தது ஆற்றை வீடு?"

அவள் சிரித்தாள். "முன்வீட்டு மணியத்தாரின்ரை. எங்களோடை ஒழுங்கைக்குச் சண்டை பிடிச்சுக் கோடு, வழக்கு எண்டு போன ஆக்கள். அம்மா இருந்த காலத்திலை, அவையின்ரை பேரைச் சொன்னால் அவ அண்டைக்குச் சாப்பிடமாட்டா. இவர் அந்தப் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு, அம்மாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை கொழுவியிருக்கிறார். வெள்ளிக்கிழமையில பூவும் வைக்கிறார், அக்கா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

நானும் சிரித்துவிட்டேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன். அவள் முதலில் நிறுத்தினாள்.

"அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப, தங்கச்சி, உங்கடை வீட்டை நீங்கள் பாக்கவே இல்லையோ?"

"பாத்தனான். அவர் போனைத் திருப்பேக்கை ஒருக்கா வந்து போனது." அவளுடைய குரல் இறங்கியிருந்தது. "கூரை இருக்கு, அக்கா. முத்தத்துக் கொடியிலை ஆற்றையோ உடுப்புக் காயுது."